வாராவாரம் பிடித்த சனி

இனிமேல் சனிக்கிழமைகளில் ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை என்று நான் முடிவெடுத்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டில், நின்றபடியே. பெரிய முடிவுகளை நின்றபடிதான் எடுக்க வேண்டும். உட்கார்ந்தால் யோசனை வந்துவிடும்.

என் பெயர் சிங்காரவேலு. அப்போது ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எண்பதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே நடந்தது இது. ஜெயங்கொண்டம் வண்டியும் திருமழபாடி வண்டியும் நான் விசில் ஊதினால்தான் நகரும். உறுமிக்கொண்டு வருகிற பஸ்ஸை ஒரு விரலைக் காட்டி நிறுத்துவேன். வீட்டில் என் மனைவி செல்வம்மாள் ஒரு விரலைக் காட்டுவாள், நான் நிற்பேன். ஊருக்கே நேரம் சொல்கிறவனுக்குத் தன் நேரம் சரியில்லை. அவ்வளவுதான்.

எனக்கு வார லீவு சனிக்கிழமை. லீவு என்பது கம்பெனி வைத்த பெயர். செல்வம்மாள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வேலைகளை ஊறுகாய் போடுவதுபோலச் சேர்த்து வைப்பாள். சனிக்கிழமை விடிந்ததும் ஜாடியைத் திறப்பாள். விறகு பிளக்க வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். மாவு மில்லுக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க வேண்டும். கூரையில் உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும். எங்கள் ஒரே மகள் மலர்கொடியைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதனால் வேலையைப் பங்கு போட வீட்டில் ஆளும் கிடையாது. மற்றவர்களுக்கு ஏழரை வருஷம் பிடித்துவிட்டுப் போகிற சனி, எனக்கு வாராவாரம் பிடித்தது.

அப்போதுதான் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்கு ஈசாக்கு சார் குடி வந்தார்.

எர்ணாகுளத்துக்காரர். சுண்ணாம்புக்கல் குவாரியில் மோட்டார்களைக் கவனிக்கிற இன்ஜினீயர். கோயம்புத்தூரில் வெகுநாள் இருந்ததால் தமிழ் நன்றாக வரும். மனைவி பெயர் ரூத். மிரியம் என்று ஒரு சின்னப் பெண். யூதர்கள்.

"யூதருன்னா யாருங்க? வேதக்காரங்களா?" என்று செல்வம்மாள் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப பாய் வூடா?"

"அதுவும் இல்ல. இவங்க ரெண்டு பேருக்கும் முந்துனவங்களாம். சாரே சொன்னாரு."

"அப்ப பெரியவங்க வூடு" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை நறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு அந்த விஷயம் அதோடு தீர்ந்தது.

இரண்டு போர்ஷனுக்கும் நடுவே ஒரு சுவர். பின்பக்கம் ஒரே முற்றம், ஒரே கிணறு. வந்த புதிதில் நான் ஒரு மரியாதை செய்தேன். திருமழபாடி வண்டி டிரைவர் அய்யாக்கண்ணு கொள்ளிடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கெளுத்தி மீனை, தூக்குவாளியோடு அவர்கள் வீட்டில் கொடுத்தேன். வாளி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. உள்ளே மீன் அப்படியே இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் ரூத்தம்மாவும் நின்றார், முகமெல்லாம் சங்கடமாக.

"தப்பா எடுக்காதீங்க. செதில் இல்லாத மீன் எங்களுக்கு ஆகாது. நீங்க கொண்டு வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"செதிலுக்கென்ன, விரால்ல இருக்கே" என்றாள் செல்வம்மாள். அடுத்த வாரம் விரால் போயிற்று. அந்த வாளி தேங்காய்ப்பால் அப்பத்தோடு திரும்பியது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாத்திரமும் காலியாகப் போனதில்லை, காலியாக வந்ததில்லை.

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் நன்றி. தண்ணீர் கொடுத்தால் நன்றி. குடையை எடுத்துக் கொடுத்தால் நன்றி. சுவரோ ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் சொல்கிற நன்றி இந்தப் பக்கம் விழும்.

"காப்பி குடுத்தா அந்த சாரு நன்றிங்கறாரு" என்றாள் செல்வம்மாள்.

"சரி."

"நீங்க சூடு பத்தலைங்கறீங்க."

"பத்தலையே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அந்த வீட்டில் விசேஷம். பொழுது இறங்குவதற்கு முன்பே சமையல் முடிந்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றித் தொங்கவிட்ட விளக்குகளை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரூத்தம்மா ஏற்றுவார். சார் மகள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுவார். பிறகு மனைவியைப் பார்த்தபடி நின்று ஒரு பாட்டுப் பாடுவார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

அது சாமி பாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வம்மாள் கிணற்றடியில் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"அது சாமிக்கு இல்லையாம். பொண்டாட்டிக்காம். வாரம் பூரா வூட்டப் பாத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்ற பாட்டாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். பேப்பர் தலைகீழாக இருந்தது.

எனக்குப் பாட்டில் அக்கறை இல்லை. எனக்கு அக்கறையெல்லாம் மறுநாளில். சனிக்கிழமை ஈசாக்கு சார் ஒரு வேலையும் செய்யவில்லை. குளித்து, வெள்ளை உடுத்தி, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதே நேரத்தில் நான் கோடாலியோடு நின்றிருந்தேன்.

"சார், சனிக்கிழமை உங்களுக்கு வேலையே கெடையாதா?"

"இல்ல. சபாத்து. ஓய்வு நாள். கடவுளே உலகத்தப் படைச்சு முடிச்சுட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு."

கடவுளே எடுத்த லீவை டைம் கீப்பர் எடுக்கக் கூடாதா? அந்த யோசனை ஒரு வாரம் மனசில் ஊறி, பஸ் ஸ்டாண்டில் முடிவாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போய் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன்.

"செல்வம், பின்னால எடுத்த பஸ்ஸு இன்னிக்கு என் மேல ஏறப் பாத்துச்சு. மயிரிழையில தப்பிச்சேன். அந்த நேரத்துல ஒண்ணு வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"இனிமே சனிக்கிழமை வேலையே செய்யறதில்லன்னு."

"எந்தச் சாமிக்கு?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "செட்டிகுளம் முருகனுக்கு."

"முருகன் எப்பங்க சனிக்கிழமை வேலை செய்யாதன்னாரு?"

"சாமி நம்ம சாமி. முறை பக்கத்து வூட்டு முறை. ஈசாக்கு சார் மாதிரி சபாத்து இருக்கப் போறேன். முருகன் போதும்னு சொல்ற வரைக்கும்."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். செல்வம்மாள் "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முதல் தடவையிலேயே "சரிங்க" என்று சொன்னது கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

அவள் நேரே ரூத்தம்மாவிடம் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்துட்டேன். வேண்டுதலுன்னா முறையா செய்யணும். அரைகுறையா செஞ்சா சாமி குத்தம்."

"முறைதான். வேலை செய்யக் கூடாது."

"சனிக்கிழமை செய்யக் கூடாது. அதனால சனிக்கிழமை வேலைய எல்லாம் வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

"ம்."

"நெருப்பப் பத்த வைக்கக் கூடாது."

"அது அடுப்புக்கு."

"பீடிக்கும்தான்."

நான் பீடிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"வண்டி ஏறக் கூடாது."

"நான் பஸ் கம்பெனிக்காரன்டி!"

"அதான் சொல்றேன். ஓசியில ஏறுனாலும் ஏறுனதுதான். அப்புறம், ஓய்வு உங்களுக்கு மட்டும் இல்லையாம். வூட்டுல இருக்கற அத்தன பேருக்கும். மாடு கன்னுக்குக்கூட உண்டாம். நமக்கு மாடு இல்ல. நான் இருக்கேன்."

"அப்ப சனிக்கிழமை சோறு?"

"வெள்ளிக்கிழமை வடிச்சது, பழையதா இருக்கும்."

"சரி, இத்தனைதானே?"

"இன்னும் ஒண்ணு" என்றாள் செல்வம்மாள். "பாட்டு."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். விறகு பிளந்தேன். தண்ணீர் இறைத்தேன். மாவு மில்லுக்கு ஓடினேன். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன், வரிசையிலிருந்து திரும்ப ஓடினேன். சூரியன் என்னைவிட நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. உலகத்தை ஆறு நாளில் படைத்தவருக்கு ஏழாம் நாள் எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்கு அன்று சாயங்காலம்தான் விளங்கியது.

செல்வம்மாள் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். தலையில் மல்லிகைப்பூ வேறு.

"பாடுங்க."

"எனக்கு விசில்தான் வரும்."

"அப்ப பேசுங்க."

தொண்டையைக் கனைத்தேன். "செல்வம்மாள் நல்லா சமைப்பா."

"அப்புறம்?"

"நல்லா துவைப்பா. பாத்திரம் பளிச்சுனு இருக்கும்."

"இது வேலைக்காரிக்குச் சொல்றது. பொண்டாட்டிக்குச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் மூச்சு விடாமல் ஊர்ப் பெயர்களை அடுக்குகிற வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈசாக்கு சார் பாட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப... விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு, வாய்க்கா ஓரமா கீழாநெல்லி தேடிக்கிட்டு போவ. எனக்கு உப்பில்லாத பத்தியம். ஊரெல்லாம் கருவாட்டுக் கொழம்பு வைக்கற நேரத்துல நீயும் உப்பில்லாமத்தான் தின்ன. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு திங்கற. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இதை நான் இதற்கு முன் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று அன்றும் நினைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

செல்வம்மாள் விளக்குப் பக்கம் திரும்பி, நன்றாக எரிந்துகொண்டிருந்த திரியை இழுத்து இழுத்துச் சரி பண்ணினாள்.

"திரி சரியில்ல" என்றாள். "போதும். பழைய சோத்துக்குத் தண்ணி ஊத்தி வைக்கறேன்."

வெள்ளி இப்படி. சனிக்கிழமை அதைவிட மோசம். காலையில் காப்பி இல்லை. பீடி இல்லை. பழைய சோறும் வெங்காயமும். செல்வம்மாள் தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் உத்தரத்தை எண்ணினேன். பிறகு திரும்ப எண்ணினேன். வேலை செய்யாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

என் சிநேகிதன் கண்டக்டர் அரியமுத்து, ஜெயங்கொண்டத்தில் புதுப்படம் போட்டிருக்கிறார்கள் என்று வந்து நின்றான். செல்வம்மாள் படுத்தபடியே பதில் சொன்னாள்.

"அவரு வண்டி ஏற மாட்டாருண்ணே. வேண்டுதல்."

அரியமுத்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எழவு வீட்டில் பார்க்கிற பார்வை.

இப்படியே சில வாரம் போயிற்று. சபாத்து எனக்குச் சாபத்தில் முடிந்தது. ஒரு நாள் கிணற்றடியில் ஈசாக்கு சாரிடம் நைசாகக் கேட்டேன்.

"சார், இந்தச் சபாத்து விதி எப்பவாவது தளருமா?"

"தளரும். உயிருக்கு ஆபத்துன்னா சபாத்து குறுக்க நிக்காது. நெருப்புப் பத்த வைக்கலாம், வண்டி ஏறலாம், எல்லாம் செய்யலாம். உயிர்தான் முதல்."

போதும். கதவு திறந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமைக்குத் திட்டம் தயார். மத்தியானம் எனக்கு வயிற்றுவலி வரும். தாங்க முடியாத வலி. ஜெயங்கொண்டத்தில் கைராசி டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று முனகுவேன். அந்த நேரம் பார்த்து அரியமுத்து வருவான். என்னைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றுவான். டாக்டர் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் தியேட்டர்.

மத்தியானம் வந்தது. வலியும் சொன்னபடி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் புரண்டேன். "அய்யோ செல்வம், உயிரே போவுது! ஜெயங்கொண்டம்... டாக்டரு..." என்று முனகினேன்.

செல்வம்மாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பின்பக்கமாக ஓடினாள். நான் கணக்கில் சேர்க்காத திசை அது.

அடுத்த நிமிஷம் ஈசாக்கு சார் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சட்டை. காலில் செருப்பு இல்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, வாசலில் நின்ற குவாரி ஜீப்பை எடுத்தார். சனிக்கிழமையில் விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாத மனுஷன் அவர். ஒரு நொடி யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியைப் பார்க்கப் பறந்தார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு வந்தது. என்னைக் கூட்டிப்போக எங்கள் வீட்டுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த அரியமுத்துவைத் தாண்டி ஜீப் போயிற்று.

எனக்கு நிஜமாகவே வேர்த்துவிட்டது.

"சார், உங்க சபாத்து... என்னால..."

"பேசாதீங்க சிங்காரவேலு" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "சபாத்து அடுத்த வாரமும் வரும். நீங்க வரணுமே."

செல்வம்மாள் பின் சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. என்னவென்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் வேர்வையைப் பார்த்த டாக்டர் இடுப்பில் ஒரு ஊசி போட்டார். "பெரிய ஊசி இருந்தா அதையே போடுங்க சார்" என்று செல்வம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள். கூடவே விளக்கெண்ணெய். அதற்குப் பிறகு எனக்கு வந்த வயிற்றுவலியில் பொய் எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்து, சார் அவர் போர்ஷனுக்குப் போன பிறகு செல்வம்மாள் கேட்டாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"மத்தியானம்."

"அப்படியா? காத்தால அரியமுத்து அண்ணன கோயில் வாசல்ல பாத்தேன். மத்தியானம் நீங்க படத்துக்கு வர்றதா வாய்தவறிச் சொல்லிட்டுப் போனாரு. படமும் நல்லா இருக்காம்."

சுவரைப் பார்த்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்குக் கோபம் வந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு அந்த மனுஷன போயி கூப்புட்ட?"

"தெரியும். ஆனா ஒருவேள நெசமா இருந்துட்டா? தாலி என் கழுத்துலதானே கெடக்கு."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஈசாக்கு சார் வீட்டுக்குப் போனேன். செல்வம்மாள் போகச் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிரியம் தரையில் உட்கார்ந்து அப்பம் தின்றுகொண்டிருந்தாள். ரூத்தம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"சார், நேத்து வந்த வலி பொய். படத்துக்குப் போறதுக்காகப் பண்ணது. உங்க ஓய்வு நாளக் கெடுத்துட்டேன்."

ரூத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஈசாக்கு சார் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"பொய்தானா?"

"ஆமா சார்."

"நல்லது. நன்றி."

"எதுக்கு சார் நன்றி?"

"நெசமா இருந்திருந்தா எவ்வளவு கஷ்டம்! பொய்யா இருந்ததுக்கு நன்றி. அப்பத்தச் சாப்பிடுங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். அப்பத்தைத் தின்றேன்.

அவர் விட்டாலும் செல்வம்மாள் விடவில்லை. "வாயால சொன்னா ஆச்சா?" என்றாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ரூத்தம்மா வீட்டுத் தொட்டிக்கும் நான்தான் தண்ணீர். சார் வேண்டாம் என்று வாளியைப் பிடுங்குவார். நான் திரும்பப் பிடுங்குவேன். ஒரே தண்ணீரைக் கிணற்றில் பாதியும் எங்கள் மேல் பாதியுமாக ஊற்றிக்கொள்வோம்.

மழைக்காலம் வந்ததும் எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் சோற்றுக்கு நடுவே சொன்னேன்.

"செல்வம், முருகன் போதும்னு சொல்லிட்டாரு."

"எப்ப?"

"கனவுல."

"அப்ப வேண்டுதல முடிச்சுக்கங்க. சும்மா விட்டா குத்தம். செட்டிகுளத்துக்குப் போயி முடி எறக்கிட்டு வந்துருங்க."

இதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள். முடி போனால் போகிறது, சனிக்கிழமை மிச்சம் என்று நினைத்தேன். லீவு போட்டுப் போய், மலை ஏறி, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். கீழே இறங்கி முதல் வேலையாக ஒரு பீடி பற்ற வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் என்னை அடையாளம் தெரியாமல் நேரத்துக்கு முன்பே வண்டியைக் கிளப்பினார்கள். எனக்குக் கவலையில்லை. பழையபடி விறகு பிளந்தாலும் சரி, சனிக்கிழமை சூடாகக் காப்பியும் ரசமும் உண்டு.

சனிக்கிழமை விடிந்தது. காப்பி வாசனையைத் தேடிக்கொண்டு எழுந்தேன். அடுப்பு சில்லென்று கிடந்தது. செல்வம்மாள் பாயில் மல்லாந்து படுத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ன செல்வம், ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்குச் சனிக்கிழமை இல்ல?"

"அதான் வேண்டுதல் முடிஞ்சு போச்சே! மொட்டை தெரியல?"

"தெரியுது. பளபளன்னு இருக்கு. முடிஞ்சது உங்க வேண்டுதல். நான் வேண்டிக்கிட்டது அப்படியே இருக்கே."

"நீ எப்ப வேண்டிக்கிட்ட?"

"அன்னிக்கு ஜீப்புல. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, ஆயுசு கெட்டியா இருக்கணும், அதுக்காவ சனிக்கிழமையில நான் அடுப்புப் பக்கமே போறதில்லன்னு."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டேன்.

"எத்தினி நாளைக்கு?"

"ஒங்க ஆயுசு எவ்வளவோ அவ்வளவு நாளைக்கு. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கறேன்."

விசிறியைக் கீழே வைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நான் சமையலறைக்குள் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிறகு கேட்டேன்:

"ரசத்துக்குப் புளி எந்தப் பானையில இருக்கு?"